இரவு நடை 42 கிலோமீட்டர்: ஆரம்பத்துக்கு நூறு, மூன்று மணிக்கு முட்டை

நடந்து முடித்து ஆறு நாள் ஆகிறது. இடது கால் பெருவிரல் நகம் இன்னும் கருநீலமாக இருக்கிறது, மாடிப்படி இறங்கும்போது மட்டும் கை தானாகக் கைப்பிடியைத் தேடுகிறது, மற்றபடி நலம். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பி காலை ஏழு மணிக்குள் நகரத்தைச் சுற்றி 42 கிலோமீட்டர் நடந்து முடிக்க வேண்டும், அதுதான் நிகழ்ச்சி. பந்தயம் இல்லை, முதலில் வந்தது யார் என்று யாரும் கேட்பதில்லை, ஓடினால்தான் திட்டுவார்கள். நானும் அக்காவும் பணம் கட்டிப் போனோம். பெயர் சொல்லி யாரையும் இழுக்கப்போவதில்லை. இதே மாதிரி ஒன்றுக்குப் பதிவு செய்துவிட்டு எந்த ஷூ போடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி நிகழ்ச்சியைத் தொடக்க விழாவை வைத்து மதிப்பிடாதீர்கள். ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் காலில் தெம்பு இருக்கும், பாட்டுப் போட்டால் ஆடத்தான் செய்வார்கள். முடியும் இடத்தை வைத்தும் வேண்டாம், அங்கே தகரத்தில் மெடல் கொடுத்தாலும் தங்கமாகத் தெரியும். இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை ஏற்பாட்டாளர் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். நாங்கள் போனதில் அந்த மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

நேரக் கணக்கு பற்றிக் கொஞ்சம். 42 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம் என்று படித்ததும் அக்கா சிரித்தாள், "மணிக்கு நாலு கிலோமீட்டர்தானேடா, கடைக்குப் போய்வர வேகம்." நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்துக்குள் நின்ற நேரம், கழிப்பறை வரிசை, கல்லை உதற ஷூவைக் கழற்றிய நேரம் எல்லாம் அடக்கம். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று விடாமல் நடந்தாலே 8 மணி 24 நிமிடம் போய்விடும். மிச்சம் 96 நிமிடம். வழியில் ஆறு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம் உட்கார்ந்தால் 90 நிமிடம் காலி. வழி தவறுவதற்கென்று உங்கள் கையில் இருப்பது ஆறு நிமிடம்! பெல்ஜியத்தில் போர்னெம் என்ற ஊரில் 1970-லிருந்து நடக்கும் டோடென்டொக்ட் நடைக்கும் ஏறக்குறைய இதே வேகம்தான் கணக்கு. ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதுக்குக் கிளம்பி 100 கிலோமீட்டரை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அந்தப் பெயருக்குச் சாவு நடை என்று அர்த்தம். நேர வரம்பைத் தாராளம் என்று நினைத்தவர்கள் வைத்த பெயராகத் தெரியவில்லை.

தொடக்கம் அமர்க்களம். எண் அட்டை, டீ-ஷர்ட், பை வைக்கும் இடம் எல்லாம் சரியாக இருந்தன, வரிசை வேகமாக நகர்ந்தது, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை எல்லோருக்கும் கொடுத்தார்கள். மேடை, பாட்டு, உடற்பயிற்சி சொல்லித்தர ஒருவர். குறை சொல்ல எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர: நூற்றுக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் ஒரு குறுகலான நடைபாதைக்குள் விட்டுவிட்டார்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்த்தேன். கால் மணி நேர இடைவெளியில் கூட்டம் கூட்டமாக அனுப்பியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வழிகாட்டி அம்புகள் சுமார். சுவரிலும் தரையிலும் வரைந்திருந்தார்கள். நல்ல வெள்ளை வெளிச்சத்தில் தெரிந்தது. பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இருக்கும் தெருக்களில் ஆரஞ்சு நிற அம்பு அப்படியே தரையோடு தரையாகக் கரைந்துவிட்டது, ஏனென்றால் அந்த விளக்கின் கீழே எல்லா நிறமும் பழுப்பும் கறுப்புமாகத்தான் தெரியும். பகலில் வந்து வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இரவில் ஒரு முறை நடந்து பார்க்கவில்லை. பதினேழாவது கிலோமீட்டரில் ஒரு திருப்பத்தைக் கோட்டைவிட்டோம். எங்களை நம்பி பின்னால் ஏழெட்டுப் பேர். போய்த் திரும்பியதில் 1.2 கிலோமீட்டர், கால் மணி நேரம். சுருக்கமாகச் சொன்னால் அந்த ஆறு நிமிடத்தை அங்கேயே தின்றுவிட்டோம்.

கைக்கடிகாரத்தை நம்பி அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு முடிவில் 44.6 காட்டியது. தவறிய தூரத்தைச் சேர்த்தாலும் 43.2 தான் வர வேண்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள் சிக்னல் சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் கடிகாரம் நம்மைத் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாவவிட்டுக் கணக்குப் போடும். வழியில் ஒருவர் "என் வாட்ச்படி செக்பாயின்ட் போன சந்துலயே வந்திருக்கணும்" என்று வாலண்டியரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். பாவம் அந்தப் பையன்.

முதல் மூன்று நிறுத்தங்கள் பிரமாதம். தண்ணீர், வாழைப்பழம், பிஸ்கட், உப்புக் கடலை, உட்கார நாற்காலி, கை தட்ட ஆட்கள். உப்புக் கடலை வைத்தவர் யாரோ தெரியாது, விஷயம் தெரிந்தவர். வியர்வையில் உப்பும் போகிறது. அதை விட்டுவிட்டு வெறும் தண்ணீராகவே லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி மோசமாகக்கூட முடியலாம். இரவு, வெயில் இல்லை, அதனால் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

நகரமும் நன்றாகத்தான் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. பகலில் ஹாரன் சத்தத்தில் காது அடைக்கும் மேம்பாலத்தின் நடுவில் ஒரு மணிக்கு நின்றால் விளக்குக் கம்பத்தின் ரீங்காரம் கேட்கிறது. யாரும் இல்லாத நாற்சந்தியில் சிக்னல் விளக்கு சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது, நாங்கள் இருபது பேர் ஒரு வண்டியும் வராத சாலையில் பச்சைக்காகக் காத்து நிற்கிறோம். கடை ஷட்டரெல்லாம் மூடிய பிறகுதான் அதற்கு மேலே இருக்கும் மாடிகளும் பழைய ஜன்னல்களும் கண்ணில் படுகின்றன. அக்கா பாதி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். அதனால் ஒரு நடைபாதைக் கல்லில் இடறவும் செய்தாள்.

ஆற்றோரப் பூங்கா வழியாக மூன்று கிலோமீட்டர் இருட்டு. அங்கே நெற்றி விளக்கு கட்டாயம், சரி. ஆனால் அதைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. போகிறவர்களும் திரும்புகிறவர்களும் ஒரே பாதை. எதிரே வருகிறவர் நம்மைப் பார்த்து "குட் ஈவ்னிங்" என்று தலையைத் தூக்கினால் அவ்வளவுதான், கண் அவிந்துபோகும். கண் முழுதாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். சிவப்பு வெளிச்சம் வரும் விளக்கு வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. தொடக்கத்தில் மைக் பிடித்தவர் அரை மணி நேரம் பேசினார், இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்போது நான்காவது நிறுத்தம். 28-வது கிலோமீட்டர், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பத்து. ஒரு மேசை. மேசை மேல் காலி அட்டைப் பெட்டிகள். பின்னால் ஒரு பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் பதறிப்போய் எங்கள் அட்டையில் முத்திரை குத்தினான், "தண்ணி தீந்துடுச்சுண்ணா, ஃபோன் பண்ணியிருக்கேன்" என்றான். நாற்காலி இல்லை. அவன் உட்கார்ந்திருந்ததுதான் அங்கே இருந்த ஒரே நாற்காலி. பத்து மணியிலிருந்து தனியாக இருக்கிறானாம். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனை அங்கே தனியாகப் போட்டவர்கள்மேல்தான் வந்தது.

விடியற்காலை மூன்று நான்கு மணி என்பது உடம்புக்கு ஒரு நாளின் அடிமட்டம். உடல் வெப்பம் அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். அதனால் காற்று அப்படியேதான் இருக்கிறது, நமக்கு மட்டும் குளிரெடுக்கும். தூக்கம் கண்ணை இழுக்கும், அதோடு மனசும் சோர்ந்து போகும். பத்து மணிக்கு வேடிக்கையாக இருந்த கால்வலி மூன்று மணிக்கு வாழ்க்கைப் பிரச்சினை போலத் தோன்றும். நான் அந்த நேரத்தில் ஒரு போஸ்ட் கம்பத்தைப் பார்த்து, ஆள் நிற்கிறான் என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினேன். இவ்வளவு பேர் இவ்வளவு வருஷம் இரவில் நடந்திருக்கிறார்கள், இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. சூடாக ஒரு தேநீர், ஒரு பெஞ்சு, பேச்சுக் கொடுக்க விழித்திருக்கும் ஒரு ஆள் எல்லாம் ஒன்பது மணியைவிட மூன்று மணிக்குத்தான் தேவை. இவர்கள் செலவையெல்லாம் மேடையில் கொட்டிவிட்டார்கள்.

தேநீர், காபி பற்றி ஒரு சின்னக் கணக்கு: குடித்தவுடனே வேலை செய்யாது, அரை மணிக்கு மேல் ஆகும். மூன்று மணிக்குத் தெளிவாக இருக்க வேண்டுமானால் இரண்டரைக்கு முன்பே குடித்திருக்க வேண்டும். அடுத்த முறை ஃபிளாஸ்க்கில் நானே எடுத்துப் போவேன்.

தண்ணீர் இல்லாத அந்த மேசைக்குப் பக்கத்தில் பூட்டிய ஒரு கடையின் படியில் அக்கா உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பருத்தி சாக்ஸ். நான்தான் முந்தின நாள் "எந்த சாக்ஸா இருந்தா என்ன" என்று சொல்லியிருந்தேன், அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரத்தில் ஊறின தோல் உராய்வைத் தாங்காது, உள்ளே அடுக்கு பிரிந்து நீர் கோத்துக்கொள்ளும். குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அவளுக்குப் பத்தொன்பதாவது கிலோமீட்டரிலேயே அந்த இடம் சூடாக எரிந்திருக்கிறது, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டாள். எரிச்சல் தெரிந்த அந்த நிமிடமே உட்கார்ந்து, காலைத் துடைத்து, ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"நீ போடா, நான் மெதுவா வரேன்."

"உன்ன விட்டுட்டுப் போனா அம்மா என்ன வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும்தான் விடமாட்டா."

அந்த நேரத்தில் முதலுதவிக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இந்த நிகழ்ச்சியில் நான் பத்துக்குப் பத்து கொடுப்பது அவருக்குத்தான். ஐம்பது வயது இருக்கும். நடப்பவர்களின் வரிசையில் முன்னும் பின்னுமாகச் சைக்கிளில் போய்க்கொண்டே இருப்பதுதான் அவர் வேலையாம். கையைச் சுத்தம் செய்துகொண்டு, கொப்புளத்தின் ஓரத்தில் ஊசியால் சின்னதாக ஓட்டை போட்டு நீரை இறக்கினார், மேல்தோலைக் கிழிக்கவில்லை. "அந்தத் தோல்தான் கட்டு, அத உரிச்சுட்டா அப்புறம் நடக்கவே முடியாது" என்றார். மேலே துணி வைத்து, விளிம்பு சுருங்காமல் இழுத்து டேப் ஒட்டினார். பையிலிருந்து காய்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார்! தன் பாட்டிலில் இருந்த தண்ணீரை எங்கள் இரண்டு பேருக்கும் அந்தத் தூங்குமூஞ்சிப் பையனுக்கும் ஊற்றினார். இருபது நிமிடத்தில் அக்கா எழுந்து நின்றாள். அந்த மனிதர் இல்லையென்றால் நாங்கள் 28-லேயே முடித்திருப்போம், இந்த விமர்சனமும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

எனக்கு வந்தது வேறு பிரச்சினை. இடது முழங்காலின் வெளிப்பக்கம் கத்தியால் கீறுகிற மாதிரி வலி. மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சாலையை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுவார்கள். மணிக்கணக்கில் ஒரே ஓரமாக நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், மற்றது மேட்டில். நடைபாதை இருந்த இடங்களில் அதில் ஏறி நடந்த பிறகு குறைந்தது. வாகனப் போக்குவரத்தை நிறுத்தியிருந்த தெருக்களில் நடுவாக நடக்க விட்டிருந்தார்கள், அங்கே சொர்க்கம்.

ஐந்தாவது நிறுத்தத்தில் தண்ணீர் இருந்தது, கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் தூங்கப் போய்விட்டாராம். ஆண்கள் மரத்தடி தேடிப் போனார்கள். அக்காவும் இன்னும் நாலைந்து பெண்களும் என்ன செய்வார்கள் என்று அந்தத் திட்டத்தைப் போட்ட யாரும் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டார்கள். கழிப்பறை இருக்காதோ என்ற பயத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், அக்காவும் அதைத்தான் செய்திருக்கிறாள், எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டத்தை விட்டுத் தனியாகப் பின்தங்கிய பெண்களுக்குத் துணையாகக் கடைசியில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள், அந்த ஏற்பாடு மட்டும் நன்று. அவர்களைத் தாண்டி யாரும் பின்னால் விடுபட வழியில்லை.

வானம் வெளுக்க ஆரம்பித்ததும் ஒரு அதிசயம் நடந்தது. கால் அதே கால், வலி அதே வலி, ஆனால் தூக்கம் போய்விட்டது. பால் வண்டி, பேப்பர் போடும் பையன்கள், நாய்கள். ஒரு பேப்பர் பையன் "எங்கண்ணா போறீங்க எல்லாரும்?" என்று கேட்டான். தொடங்கின இடத்துக்கே என்று சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு முடித்தோம். எட்டு நிமிடம் மிச்சம். முடியும் இடத்து அலங்கார வளைவைப் பாதி கழற்றியிருந்தார்கள், ஒரு பக்கத் துணி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மெடல் கொடுத்தார்கள். மேடையில் பாட்டு இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பை வைத்த இடத்தில் பத்தே நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்ப ஏற்பாடு எதுவும் இல்லை, நிறையப் பேர் இரு சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம், தயவுசெய்து செய்யாதீர்கள். நாங்கள் ஆட்டோவில் வந்தோம், வீடு வந்ததே தெரியவில்லை, டிரைவர்தான் எழுப்பினார்.

போவதானால் என் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள், வரிசைப்படி இல்லை. தினமும் பத்தாயிரம் காலடி நடக்கிறேன், அது போதும் என்று நினைத்தேன். அந்தப் பத்தாயிரமே 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து பிரபலமான எண்தான். 42 கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வருகிறது. அதனால் ஒரு மாதம் முன்பாவது ஒரு முறை 25 கிலோமீட்டர் நடந்து பாருங்கள், அதுவும் இரவில், அதே ஷூவில். புது ஷூ வேண்டவே வேண்டாம். கால் வீங்கும், அதனால் அரை அளவு பெரிதாக இருக்கட்டும். நகத்தை நாலு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், நான் வெட்டவில்லை, பலன் முதல் வரியிலேயே சொன்னேன். கம்பளி அல்லது செயற்கை நூல் சாக்ஸ் இரண்டு ஜோடி, தொடை உரசும் இடத்துக்கு வாசலின், மூன்று மணிக்குப் போட ஒரு மெல்லிய மேலங்கி. தண்ணீர் பாட்டில் கையில் எப்போதும் நிறைந்திருக்கட்டும், செக்பாயின்டில் கிடைக்கும் என்று யார் சொன்னாலும் சரி.

மறுபடி போவேனா என்றால், போவேன், ஆனால் பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளருக்கு ஃபோன் போட்டு, இரவு மூன்று மணிக்கு எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று இரண்டு கேள்வி கேட்பேன். பதில் சொல்லத் திணறினால் வேண்டாம்.

நேற்று அவர்களிடமிருந்து கருத்துக் கேட்டு ஒரு படிவம் வந்தது. டீ-ஷர்ட் துணி எப்படி, மெடல் வடிவமைப்பு எப்படி, தொடக்க விழா பாட்டு எப்படி என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடச் சொல்லி ஒன்பது கேள்வி. நடுவில் நடந்தது பற்றி ஒன்றும் இல்லை. "வேறு ஏதாவது" என்று கடைசியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அக்கா ஃபோனைப் பிடுங்கி அதில் எழுதினாள்: "28-வது கிலோமீட்டரில் அந்தத் தம்பிக்குத் துணைக்கு ஒரு ஆள், எங்களுக்கு நாலு நாற்காலி."